ஜன்னல் மாமா மூடிய ஒரே ஜன்னல்

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பேருந்துகளில் ஜன்னல் மாமாவிடம் திட்டு வாங்காத பயணியே கிடையாது. காலை எட்டரை மணி வண்டியில் ஏறியதும் முன்னாலிருந்து பின்னால் வரை எல்லா ஜன்னல் கண்ணாடிகளையும் தள்ளித் திறந்துவிட்டுத்தான் உட்காருவார். ஐப்பசி அடைமழையில் நாங்கள் பேருந்துக்குள் குடை பிடித்து உட்கார்ந்திருக்கிறோம்.

"சார், இது பஸ்ஸா, படகா?" என்பார் கண்டக்டர்.

"காத்து வரணும் தம்பி. என்னுது இரவல் கிட்னி" என்பார் மாமா.

அவருக்குச் சிறுநீரகம் கொடுத்தது அவர் மனைவி. அவரை மாமா என்பதால் வண்டியில் எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. வந்த சிறுநீரகத்தை உடம்பு விரட்டாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரையைத் தினமும் விழுங்க வேண்டும். அடுத்தவர் தும்மினால் அவருக்கு ஆபத்து. ஊர் முகக்கவசம் பார்ப்பதற்குப் பல வருடம் முன்பே அவர் முகத்தை மூடிக்கொண்டு திரிந்தார். டிக்கெட் பரிசோதகர் ஒருவர் சந்தேகப்பட்டு அவரிடம் மட்டும் இரண்டு தடவை டிக்கெட் கேட்டார். மாத்திரைக்கு ஒன்பது மணிக்கு அலாரம் அடிக்கும். வண்டி ஆலப்பாக்கத்தைத் தாண்டுவதற்கு முன்னால் அது அடித்துவிட்டால் அன்று ஆபீசுக்கு லேட் என்று வண்டிக்கே தெரியும்.

"வீட்ல வாயத் தொறக்க முடியல மச்சான்" என்பார் என்னிடம். "'என் கிட்னியக் குடுத்துட்டுப் பேசுங்க'ன்றா."

கொரோனா ஒழிந்தது என்று நாங்கள் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்ட தை மாதம் அது. கீரப்பாளையத்தில் என் மனைவியின் தம்பிக்குக் கல்யாணம், இரண்டே நாளில். எனக்குக் காய்ச்சல். வெளியே சொன்னால் டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள், கல்யாணமே நின்றுவிடும். மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறி, வழக்கம்போல மாமா பக்கத்தில் உட்கார்ந்தேன். பல் தந்தியடித்தது.

"மாமா, பனி ஜாஸ்தியா இருக்கு. இன்னைக்கு ஒரு நாள் ஜன்னல மூடுங்களேன்."

கலெக்டரே கேட்டாலும் மூடாத மனுஷன் என்னைப் பார்த்தார். மூடினார். தோளில் இருந்த துண்டை எடுத்து என் கழுத்தில் சுற்றிவிட்டார்.

கடலூர் நெருங்கும்போது கம்பெனிகளின் கெமிக்கல் வாடை வரும். மூடிய ஜன்னலையும் தாண்டி வரும். அன்றும் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. இழுத்து மோந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. என்ன வந்திருக்கிறது என்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

"இன்னைக்கு நாத்தம் கொடலப் புடுங்குது, இல்ல?" என்றார் மாமா.

"ஆமா மாமா" என்றேன். எழுந்து போய் நின்றிருக்கலாம். ஜன்னலையாவது திறந்திருக்கலாம். அவர் துண்டைப் போர்த்திக்கொண்டு கடலூர் வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

பயத்தில் கல்யாணத்துக்கும் போகவில்லை. வயிற்றுப்போக்கு என்று சொல்லி அறைக்குள் படுத்துக்கொண்டேன். நாலாம் நாள் அக்கா போன் செய்தார்.

"மாமாவுக்கு கொரோனா தம்பி. மூச்சு வாங்குது. கிட்னி மாத்திரையக் கொறச்சுட்டாங்க. கொறச்சா கிட்னி போயிடுமாம், கொறக்கலன்னா ஆளே போயிடுவாராம். கிட்னி போனா போவட்டும், ஆளு வந்தா போதும். எங்க போய் ஒட்டிக்கிச்சுன்னே தெரியல. நீ பத்திரமா இரு."

சரிக்கா என்றேன். போனை வைத்துவிட்டேன். வெட்கம் கெட்டவன் நான்.

மூன்று மாதம் கழித்து மாமா பாதி ஆளாக வண்டி ஏறினார்.

"கிட்னி தப்பிச்சிடுச்சு மச்சான். ஆனா மெதுவாத்தான் வேல செய்யுது. நம்ம ஆபீஸ்ல சேத்துக்கலாம்."

வண்டியே சிரித்தது. எல்லா ஜன்னலையும் திறந்துகொண்டு வந்தவர், என் ஜன்னலுக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டார். "இது இருக்கட்டும். உனக்குக் காத்து ஆவாது." அதிலிருந்து தினமும் அப்படித்தான். தினமும் நான் குனிந்து செருப்பைப் பார்ப்பேன்.

நான் இதை எழுதும் இந்தப் பத்திரிகையை மாமா வாராவாரம் பஸ் ஸ்டாண்டில் வாங்கி, பேருந்திலேயே படிப்பவர். மாமா, அன்றைக்கு எனக்கு நாற்றம் வரவில்லை. நாளைக்கு நீங்கள் என் பக்கத்தில் உட்காருவீர்களோ, மாட்டீர்களோ. உங்களுக்கு முன்னால் ஏறி எல்லா ஜன்னலையும் திறந்து வைத்திருப்பேன், என்னுடையதையும் சேர்த்து.