மூன்றாம் சரணம்

அன்புள்ள மச்சான் ரவூபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சங்கராபுரத்தில் நானும் உன் அக்கா ஷாஜாதியும் உடம்பளவில் நலம். நீயும் உன் வீட்டாரும் எல்லா வகையிலும் நலமாயிருக்க அல்லாஹ் அருள்வானாக. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்காதே. போனில் யார் காது வைத்திருக்கிறார்களோ, யார் கண்டது?

ரஷ்யாவில் டாக்டருக்குப் படிக்கும் உன் அக்கா மகள் ஜெபீனா அங்கே பாட்டும் கற்கிறாள். கல்லூரி விழாவில் பாட அவளுக்குக் கொடுத்தது, சிறையிலிருக்கும் சிநேகிதனுக்கு யாரோ ஒரு கவிஞர் அந்தக் காலத்தில் எழுதிய கவிதை. பிற்பாடு ஒருவர் அதற்கு மெட்டுப் போட்டபோது, மூன்றாம் சரணம் கூடாது என்று மேலிடத்தில் வெட்டிவிட்டார்களாம். அந்த மனுஷன் சொல்லை எடுத்துவிட்டு மெட்டை அப்படியே வைத்துவிட்டார். அந்த இடத்தில் பியானோ மட்டும் பேசும், பாடுகிறவர் சும்மா நிற்க வேண்டும். இன்றைக்கும் அப்படித்தானாம். "அந்தச் சரணம் அங்க எல்லாருக்கும் தெரியும் அத்தா, பாடத்தான் மாட்டாங்க. நான் பாடப் போறேன்" என்றாள். "தாயே, படிக்கப் போன எடத்துல வாய மூடிக்கினு இரும்மா" என்று கெஞ்சினேன். பாடிவிட்டாள். வீடியோவும் அனுப்பினாள்.

கடையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஏட்டு சின்னராசு உள்ளே வந்துவிட்டார். "இன்னா பாய், இன்னா பாட்டு அது?" போனைக் கவிழ்த்து வைத்து, "தாலாட்டுங்க" என்று சொல்லித் தொலைத்தேன். "நம்ம பேத்தி அழுதுகினே கெடக்குது, அனுப்புங்க" என்றார். போலீஸ்காரர் கேட்டு மறுக்க முடியுமா? இப்போது கரியாலூர் மலையில் டியூட்டி பார்க்கும் போலீஸ்காரர் வீடு வரை அதைப் போட்டுத்தான் பிள்ளைகளைத் தூங்க வைக்கிறார்களாம். அங்கிருந்து மாஸ்கோவுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? "பாட்டுதான பாடுனா, கொலையா பண்ணிட்டா?" என்று உன் அக்கா என்னைத் திட்டுகிறாள். திட்டிவிட்டுத் தொழுகைப் பாயில் போய் உட்காருகிறவள் எழுந்திருப்பதே இல்லை. இதற்கு நடுவில் ஜெபீனா, "ஹாஸ்டல் வார்டன் என்னைய ஒரு மாதிரி பாக்குறாங்க அத்தா, சாயங்காலம் ரூமுக்கு வரேன்னுருக்காங்க" என்றாள். லைன் கட்டாகிவிட்டது. பிறகு எடுக்கவே இல்லை. பத்து தடவை அடித்துப் பார்த்துவிட்டேன், மச்சான். நீ டிக்கெட் போடுகிற தொழிலில் இருப்பவன். எந்த ஊரைச் சுற்றி வந்தாலும் சரி, பிள்ளையை ஊருக்குக் கொண்டுவா. படித்ததும் இதைக் கிழித்துவிடு.

உன் பிள்ளைகளுக்கு என் துஆவும் முத்தங்களும். யாரையும் பாட்டு வகுப்பில் சேர்க்காதே.

உன் மச்சான்,
அப்துல் ஜலீல்

பி.கு.: டிக்கெட் போடாதே. இப்போதுதான் பேசினாள். வார்டனம்மா வந்து கதவைத் தாழ்போட்டு, "ஒரு சொல்லைத் தப்பாகப் பாடிவிட்டாய்" என்றாராம். அவருடைய அம்மா அடுப்படியில் பாடிக் கேட்டதாம். கட்டிலில் உட்கார்ந்து, வெளியே கேட்காத குரலில் சரியாகச் சொல்லிக் கொடுத்தாராம். அடுத்த விழாவில் இருவரும் சேர்ந்து பாடப் போகிறார்களாம். எனக்குப் பயம் இரட்டிப்பாகிவிட்டது. ஆகவே எனக்கும் உன் அக்காவுக்கும் அங்கே போக டிக்கெட் போடு. முன் வரிசையில் உட்கார்ந்து பயப்படுகிறோம்.