நாலாம் வகுப்பு சாருக்கு ரெண்டு குருவி

ஒருவர் நல்லவராக இருந்துகொண்டே பக்கத்தில் இருப்பவரைப் பைத்தியமாக்க முடியும் என்று இந்த உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர் ஜிகினா டீச்சர். உலகம் என்று நான் சொல்வது விருத்தாசலத்தில் எங்கள் தொடக்கப் பள்ளியின் நீள ஹாலை. அதில் பாதி மூன்றாம் வகுப்பு, அவருடையது. மீதிப் பாதி நாலாம் வகுப்பு, என்னுடையது. நடுவில் இரண்டு இரும்பு பீரோக்கள். அவற்றுக்கு இடையில் ஒரு குழந்தை தலையை நீட்டும் அளவுக்கு இடைவெளி. என் நிம்மதி மொத்தமும் அந்த இடைவெளி வழியாகத்தான் வெளியேறியது.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதை யாரும் பயன்படுத்தியதில்லை. திட்டக்குடிப் பக்கத்திலிருந்து மாறுதலில் வந்த முதல் நாளே, கைப்பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுப்பதற்கு முன்னால் ஜிகினாத்தூள் பாக்கெட்டை எடுத்தார். அன்று காலை உப்புமா சாப்பிட்ட பிள்ளைகளின் உதடெல்லாம் மினுமினுத்தது. வீட்டுக்குப் போனதும் என் மனைவி என் காது மடலைப் பார்த்துவிட்டு, "எந்தக் கல்யாணத்துக்குப் போயிட்டு வரீங்க?" என்று கேட்டாள். அதிலிருந்து மூன்று வருடம் நான் தினமும் கல்யாண வீட்டிலிருந்து வருகிறவனைப் போலத்தான் வீடு திரும்பினேன்.

வெறும் சுவரைக் கண்டால் அவருக்கு ஆகாது. பசியோடு நிற்கும் ஆளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேரின் அப்பா அம்மா பீங்கான் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள். அது தெரிந்ததும் டீச்சர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பெனியாகப் போய், சூளையில் கோணிப்போனது, மூக்கு உடைந்தது, விற்காது என்று ஒதுக்கியது எல்லாவற்றையும் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தார். பீரோ மேல் ஒற்றைக்கண் சிங்கம் ஒன்று உட்கார்ந்தது, காது இல்லாத முயல்கள் ஜன்னல் திண்டில் வரிசை கட்டின. மெயின் போர்டில் செருகும் வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டைகளை நைலான் கயிற்றில் கோத்து விட்டத்தில் தொங்கவிட்டார். காற்றடித்தால் அவை ஒன்றோடொன்று இடித்துக் கலகலவென்று சத்தம் போடும். நான் பெருக்கல் நடத்தும்போது மட்டும் காற்று அடிக்கும்.

"டீச்சர், அது கரண்டுக்கு வைக்கிற சாமான்" என்றேன்.

"இதுல கரண்டு இல்லீங்களே சார். எவ்ளோ நல்லா பேசுது பாருங்க."

நான் பெருக்கலுக்கே திரும்பினேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் பென்சில் பாக்ஸுக்காக இரண்டு பையன்கள் கட்டிப் புரண்டார்கள். ஒருவனுக்குப் பல் ஆடியது. நானாக இருந்தால் இருவரையும் வெயிலில் நிறுத்தி விஷயத்தை முடித்திருப்பேன். டீச்சர் அன்று ராத்திரி யோசித்து மறுநாள் ஒரு திட்டத்தோடு வந்தார். யாராவது யாருக்காவது ஒரு நல்ல காரியம் செய்தால், ஒரு காகிதக் குருவி. அதில் பிள்ளையின் பெயரை எழுதி, நூலில் கட்டி, மேலே தொங்கவிடுவார். ஒரே ஒரு நிபந்தனை. செய்தவர் வந்து சொல்லக்கூடாது. உதவி பெற்றவர்தான் சாட்சி சொல்ல வேண்டும்.

மேலே என்றால் எங்கே? ஃபேனில்.

எங்கள் ஹாலுக்கு வயரிங் செய்த மகராசன் யாரென்று தெரியவில்லை. என் தலைக்கு மேல் உள்ள ஃபேனுக்கும் டீச்சர் தலைக்கு மேல் உள்ள ஃபேனுக்கும் ஒரே சுவிட்சை வைத்துவிட்டுப் போயிருந்தார். என் ஃபேனைப் போட்டால் அவருடையதும் சுற்றும். சுற்றினால் குருவிகள் சிக்கிக்கொள்ளும். ஆகவே போடக்கூடாது. விருத்தாசலத்து மார்ச் மாத வெயில், எங்கள் பக்கம் தகரத்தை வைத்து அடைத்த ஜன்னல், அசையாத ஃபேன். மூன்றாம் வகுப்பில் அன்பு பெருகப் பெருக நாலாம் வகுப்பில் எங்களுக்கு வியர்த்துக் கொட்டியது.

இரண்டே வாரத்தில் அந்தப் பிள்ளைகளுக்குக் குருவிப் பித்து பிடித்துவிட்டது. சும்மா இருக்கிற ஆளுக்கு எப்படி உதவுவது என்று ஆராய்ச்சி செய்தார்கள். சத்துணவுக்கார அக்கா சாம்பார் குண்டானைத் தூக்கினால் பதினோரு பேர் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். "விடுங்கடா, குண்டானு கனக்கல, நீங்கதான்டா கனக்குறீங்க" என்று அவர் கத்தியதை வாட்டர் டேங்க் வரைக்கும் கேட்டிருப்பார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் ரப்பரைக் காலையில் ஒளித்து வைத்து மத்தியானம் கண்டுபிடித்துக் கொடுத்தாள். காலில் ஒன்றுமே இல்லாத ஒரு பையனை நாலு பேர் கைத்தாங்கலாக ஒன்றுக்கு அழைத்துப் போனார்கள். அவன் வழியெல்லாம் "எனக்கு வரல, எனக்கு வரல" என்று சொல்லிக்கொண்டே போனான்.

அப்புறம் கூட்டம் என் பக்கம் திரும்பியது.

ஒரே நாளில் என் மூக்குக் கண்ணாடி மூன்று முறை காணாமல் போனது. மூன்று முறையும் ஒரு நிமிஷத்துக்குள் வேறு வேறு பிள்ளைகள் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். "சார், கண்ணாடி கெடச்சிடுச்சி சார். டீச்சர்கிட்ட வந்து சொல்லுங்க சார்." நான் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் ஒருத்தி பின்னாலேயே அழித்துக்கொண்டு வந்தாள். என் சைக்கிளைத் துடைத்தார்கள், சீட் இன்னும் ஈரமாக இருந்தது தெரியாமல் உட்கார்ந்து, நான் வீடு போய்ச் சேர்ந்த கதையை இங்கே எழுதுவதாக இல்லை.

மூன்றாம் வகுப்பு வெண்ணிலாவைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். பீரோ இடுக்கில் எப்போதும் தெரியும் தலை அவளுடையதுதான். "ஏம்மா, ஸ்கூல்ல இத்தினி பேரு இருக்காங்க. எல்லாரும் எங்கிட்டயே ஏன் வரீங்க?"

"உங்களுக்குப் பண்ணா ரெண்டு குருவி சார்."

"ஏன்?"

"எந்நேரமும் கோவமா இருக்கவங்களுக்கு நல்லது பண்றது கஷ்டமாம் சார். அதனால ரெண்டு. டீச்சர் சொன்னாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். "ஸ்கூல்லயே உங்க ஒருத்தருக்குத்தான் சார் ரெண்டு."

இருபத்திரண்டு வருட சர்வீஸ். அந்த நிமிஷம் என் காதிலிருந்து புகை வந்திருக்க வேண்டும். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். எழுத்து தெரியக்கூடாது என்று இடது கையால் ஆரம்பித்தேன். இரண்டு வரியிலேயே கை வலித்தது. மீதியை வலது கையால் எழுதி, மறுநாள் வெட்கமில்லாமல் தபால் பெட்டியில் போட்டேன். ஃபேனில் காகிதம், தலைக்கு மேல் பீங்கான், பிள்ளைகளுக்கு ஆபத்து என்று அதில் இருந்ததெல்லாம் உண்மைதான். அதை எழுத வைத்தது மட்டும் அந்த இரண்டாவது குருவி.

பத்து நாளில் ஆய்வுக்கு ஓர் அலுவலர் வந்தார். சாதுவான மனிதர். மூன்றாம் வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்து, எங்கள் எச்.எம். அம்மாவையும் டீச்சரையும் என்னையும் கூப்பிட்டு, என் கடிதத்தை மேஜையில் விரித்து வைத்தார். தண்ணீர் கொண்டுவந்த வெண்ணிலா டம்ளரை வைத்துவிட்டு, காகிதத்தை எட்டிப் பார்த்தாள்.

"ஐ, இது நாலாங்கிளாஸ் சார் எழுத்து. போர்டுல இப்டிதான் 'ழ' போடுவாரு."

பீஸ் கட்டைகூடப் பேசவில்லை. டீச்சர் குனிந்து கடிதத்தை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"போடி. அவரு எழுத்து இவ்ளோ அழகாவா இருக்கும்?" என்றார்.

என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. அப்படியும் எனக்கு வந்த ரோஷத்தில், "அது என் எழுத்துதான்" என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

அலுவலர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். இன்னொரு தடவை துடைத்தார். பிறகு உட்கார்ந்தபடியே சுவர்ப் பக்கம் கையை நீட்டி, யாரும் தடுப்பதற்குள், ஃபேன் சுவிட்சைத் தட்டினார்.

இருநூறு குருவிகள் ஒரே சமயத்தில் கிளம்பின. நூல் நூலாகச் சுற்றிக்கொண்டு, விட்டத்தில் தொங்கிய கயிற்றையும் இழுத்தன. கயிறு அறுந்து ஒரு பீஸ் கட்டை நேராக அவருடைய டம்ளரில் விழுந்தது. டம்ளர் உருண்டது. தண்ணீரெல்லாம் அவர் மடியில். யாருக்கும் அடி இல்லை. ஆனால் கட்டை விழுந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் அவர் தலை இருந்தது. பேயறைந்த முகத்தோடு, "எல்லாத்தையும் எடுத்துடுங்கம்மா" என்று மட்டும் சொன்னார். எழுத்திலும் கொடுத்தார்: மூன்றாம் வகுப்பின் சுவர், கூரை, ஜன்னல், அலமாரி எதிலும் எந்த அலங்காரமும் இருக்கக் கூடாது.

டீச்சர் அன்று மத்தியானமே எல்லாவற்றையும் இறக்கினார். குருவிகளைச் சிக்கெடுத்து, பெயரைப் படித்து, அந்தந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். நான் பீரோ இடுக்கு வழியாகப் பார்த்தேன். வாங்கிக்கொண்ட பிள்ளைகள் அதைப் பையில் வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் என் ஃபேன் சுற்றியது. காற்று வந்தது, அமைதியாக இருந்தது. ஒன்பதாம் வாய்ப்பாடு கடைசி வரை இடையூறில்லாமல் முடிந்தது. நான் இத்தனை நாளாகக் கேட்டது இதைத்தான். ஆனால் மத்தியானத்துக்குள் அந்த அமைதி என்னை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

மூன்றாம் நாள் என் கண்ணாடியைக் குழாயடியில் நானே மறந்து வைத்துவிட்டேன். வெண்ணிலா கொண்டுவந்து கொடுத்தாள். பாவாடையில் துடைத்து வேறு கொடுத்தாள்.

"இப்பதான் குருவி கெடையாதே" என்றேன்.

"தெரியும் சார். கண்ணாடி இல்லன்னா உங்களுக்குத் தலை வலிக்கும்ல" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

அன்று பள்ளிக்கூடம் விட்டதும், டீச்சர் ஸ்கூட்டரில் சாக்கு மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"டீச்சர், அந்தக் கடுதாசி..."

"தெரியும் சார். மொதோ ரெண்டு வரி யாரு எழுதனது? கோழி கிண்டன மாதிரி இருந்துது."

"இடது கையில எழுதனேன்."

"அதான பாத்தேன்." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். குரல் கொஞ்சம் இறங்கியது. "எங்கிட்டயே சொல்லியிருக்கலாம் சார். பீங்கான அவ்ளோ ஒசரத்துல மாட்டியிருக்கக் கூடாது. ஏதாவது ஒரு புள்ள தலையில விழுந்திருந்தா? ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல. உங்க விஷயத்துலயும் தப்பு பண்ணிட்டேன். உங்களுக்கு ரெண்டு குருவின்னு வெச்சது தப்பு."

"அதெல்லாம் பரவால்லைங்க டீச்சர்" என்றேன்.

"மூணு வெச்சிருக்கணும்."

இந்த மனுஷியிடம் மன்னிப்புக் கேட்கக்கூட முடியாது. ஆனாலும் சொல்ல வந்ததைச் சொன்னேன். "ஆர்டர்ல மூணாம் வகுப்புன்னுதான் போட்டிருக்குது. என் செவுரு சும்மாதான் இருக்குது. ஃபேனு வேணாம், பீங்கான் வேணாம். பேப்பரு மட்டும் செவுத்துல ஒட்டிக்கலாம்."

அவர் கண்ணில் தண்ணீர் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் சாக்கை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய், என் சுவரைத் தட்டிப் பார்த்து, சுரண்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"இந்தக் கலருல குருவி எடுபடாது சார்."

ஆக, அந்தச் சனிக்கிழமை நான் லுங்கியைக் கட்டிக்கொண்டு என் வகுப்புச் சுவருக்கு நானே ஊதா பெயின்ட் அடித்தேன். அது வானமாம். "அந்த மூலையில மேகம் மாதிரி வுடுங்க சார். அது மேகம் இல்ல சார், திட்டு" என்று டீச்சர் கீழிருந்து மேஸ்திரி வேலை பார்த்தார். திங்கட்கிழமை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பையில் வைத்திருந்த குருவிகளைக் கொண்டுவர, இரண்டு வகுப்பும் சேர்ந்து ஒட்டியது. ஒருத்தரும் தொலைத்திருக்கவில்லை. எட்டாத இடத்துக்கு டீச்சர் ஸ்டூலில் ஏறி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டே ஒட்ட, நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். விலைப்பட்டியல் ரத்து. எனக்கும் மற்றவர்களைப் போல ஒரே குருவிதான் என்று டீச்சர் அறிவித்தார். பிள்ளைகளிடமிருந்து பெரிய பெருமூச்சு வந்தது.

அடுத்த ஆய்வுக்கு அதே அலுவலர் வந்தார். சுவரைப் பார்த்தார். என் சட்டைக் காலரில் இருந்த ஜிகினாவைப் பார்த்தார். "இது நாலாம் வகுப்புதானே?" என்றார். "ஆமாங்க சார்" என்றேன். ஃபேனைப் போட்டுவிட்டு, அதன் கீழே ஐந்து நிமிஷம் உட்கார்ந்து காற்று வாங்கிவிட்டுப் போனார்.

போன ஜூனில் டீச்சருக்குப் பெண்ணாடம் பக்கம் மாறுதல் வந்தது. கிளம்பும் அன்றும், "உங்க மேகம் இன்னும் திட்டாத்தான் இருக்குது சார், சரி பண்ணிடுங்க. போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

போன வாரம் எனக்கு ஒரு போன் வந்தது. டீச்சருடைய புதுப் பள்ளியில் பக்கத்து வகுப்பு ஆசிரியராம். என் நம்பரை எப்படியோ தேடிப் பிடித்திருக்கிறார். அரை மணி நேரம் புலம்பினார். தன் மேஜை, தன் பை, தன் மோர் எல்லாவற்றிலும் ஜிகினா என்றார். கரும்பு லோடு டிராக்டர்களிலிருந்து சங்கிலியும் மணியுமாக எதையெதையோ டீச்சர் கேட்டு வாங்கிவந்து மாட்டுகிறார் என்றார். கடைசியில், "நீங்க எப்படி சார் தாங்குனீங்க? எனக்கு ஒரு வழி சொல்லுங்க" என்றார்.

நான் யோசித்துப் பார்த்தேன்.

"ஒசரத்துல ஏறுனா அவங்களுக்குத் தலை சுத்தும் சார். யாருகிட்டயும் சொல்ல மாட்டாங்க. ஸ்டூல மட்டும் கெட்டியாப் புடிச்சிக்குங்க" என்றேன்.