கம்பியர் வாங்கிய கத்தரிக்காய்

இலங்கைத் தீவிலேயே கொம்பியூட்டர் மூளையைப் பாவித்து ஒரு முழு மாணவர் விடுதியைப் பட்டினி போட்ட முதல் மனிதர் எங்கள் கம்பியர்தான். இதை மறுக்க நினைப்பவர்கள் அந்த விடுதியில் என்னோடு இருந்து மாதக்கணக்காகக் கத்தரிக்காய் தின்றுவிட்டு வந்து மறுக்கட்டும்.

எழுபதுகளின் நடுப்பகுதி. ஊர்காவற்றுறைப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நான் கணிதம் படிப்பித்துக்கொண்டு, விடுதிப் பொறுப்பையும் தலையில் சுமந்துகொண்டிருந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். பழைய மாணவர்கள் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள். கம்பியர் அங்கே கந்தோரில் கடிதமும் கணக்கும் எழுதும் தலைமை இலிகிதர். நயினாதீவில் கோயில் பூசை செய்யும் குடும்பத்துப் பிள்ளை. மெலிந்த உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு, சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சைக்கிள் சில்லுக் கம்பி. பட்டப்பெயர் அதனால் வந்தது. சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும் அவருக்கே ஞாபகம் வரும்.

கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ‘நவீன நிர்வாகம்’ என்று ஏதோ பயிற்சிக்கு அவரை அனுப்பியிருந்தார்கள். அங்கே குளிரூட்டிய அறைக்குள் கொம்பியூட்டர் இருந்ததாம். இவரைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தி வைத்துக் காட்டினார்களாம். கிட்டப் போகவில்லை, தொடவில்லை. ஆனால் திரும்பி வந்தவர் அதைப் பெற்று வளர்த்தவர் மாதிரிப் பேசினார்.

கொம்பியூட்டர் வாங்க வக்கில்லாத கந்தோர்களுக்கென்று அதே பயிற்சியில் ஓர் ஏழை வழியும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு மாணவனுக்கு ஒரு தடித்த அட்டை. அட்டையின் மேல் விளிம்பில் வரிசையாக ஓட்டைகள். ஒவ்வோர் ஓட்டையும் ஒரு கேள்வி: விடுதியில் இருப்பவனா, விஞ்ஞானம் படிப்பவனா, இன்ன ஊரானா? பதில் ‘ஓம்’ என்றால் அந்த ஓட்டையின் விளிம்பைக் கத்தரிக்கோலால் வெட்டித் திறந்துவிட வேண்டும். பிறகு அட்டைகளை அடுக்கி, வேண்டிய ஓட்டைக்குள் கம்பியை விட்டுத் தூக்கினால், வெட்டிய அட்டைகள் விழும், மற்றவை கம்பியில் தொங்கும்.

“விழுந்தவன் ஓம், தொங்குறவன் இல்லை. அவ்வளவுதான் சேர் விசயம்” என்று அதிபருக்குச் செய்து காட்டினார்.

“பிழையா வெட்டினா என்ன செய்வீர்?”

“சிஸ்டத்திலை பிழை வராது சேர். பிழை வந்தா அது பெடியனிலைதான்.”

அதிபர் சொக்கிப் போனார். தீவுப் பகுதியில் விஞ்ஞான நிர்வாகம் தொடங்கிவிட்டது என்று மேலிடத்துக்கு அன்றைக்கே எழுதிப் போட்டார்.

முதல் வெள்ளோட்டம் புளியங்கூடல் கோயில் தேருக்கு நடந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் அரை நாள் லீவு. கம்பியர் கம்பியை விட்டுத் தூக்கினார். பாதிக் கல்லூரி மேசையில் விழுந்தது. விசாரித்தால், எங்கள் பக்கத்தில் கலியாணம் கட்டியவர் பெண் வீட்டில்தானே போய் இருப்பார்? ‘எந்த ஊர்?’ என்று கேட்டதற்குப் பெடியள் தகப்பன் பிறந்த ஊர், தாயின் ஊர், தாயின் தாயின் ஊர் என்று அடுக்கியிருக்கிறார்கள். கம்பியர் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் வெட்டியிருக்கிறார். அன்றைக்குப் பத்தாம் வகுப்பில் நான் கரும்பலகைக்குக் கணிதம் படிப்பித்தேன்.

அதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அடுத்து ஆள் விடுதிக்குள் புகுந்தார். சைவமா, மச்சமா என்று ஒவ்வொருவனையும் கூப்பிட்டு விசாரித்தார். விசாரித்த நாட்களைத்தான் கவனிக்கவேண்டும். நயினாதீவுக் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்த நாட்கள். கொடி இறங்கும்வரை எங்கள் வீடுகளில் மீன் சட்டி அடுப்பேறாது. விடுதிக் குசினியிலும் அப்படித்தான். பெடியள் எல்லாரும் பக்தியோடு “சைவம் சேர்” என்றார்கள். குசினியில் என்ன கிடைக்குதோ அதைத் தின்னும் கத்தோலிக்கப் பெடியள்கூட அதையே சொன்னார்கள். கத்தரிக்கோல் வேலை செய்தது. ‘விடுதி முழுவதும் சைவம்’ என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது. மேலிடம் மீனுக்கான ஒதுக்கீட்டை வெட்டியது.

கொடி இறங்கியது. மீன் வரவில்லை. சுற்றிவரக் கடல், நடுவே நாங்கள், சோற்றுக் கோப்பையில் கத்தரிக்காய்.

நேரே அவருடைய கதிரைக்கு முன்னால் போய் நின்றேன். “அண்ணை, உதென்ன கூத்து? பெடியளுக்கு மீன் போடச் சொல்லுங்கோ.”

அவர் கம்பியை எடுத்து அட்டைக் கட்டுக்குள் விட்டுத் தூக்கினார். கட்டு முழுவதும் பொலபொலவென்று கொட்டியது. “பாரும். எல்லாம் சைவம்.”

“அவங்கள் மீன் தின்னுறவங்கள் அண்ணை!”

“அது உம்மட அபிப்பிராயம். இது தகவல்.”

“அப்ப அந்த அட்டையளை மாத்துங்கோ.”

“வெட்டினதை ஒட்ட ஏலாது. பெடியள்தான் மாறவேணும்.”

பெடியள் மாறவில்லை, வீட்டுக்குப் போனார்கள். வெள்ளிக்கிழமை பெட்டியோடு போனவன் திங்கட்கிழமை திரும்பவில்லை. விடுதி வெறிச்சோடத் தொடங்கியது. கல்வி இன்ஸ்பெக்டர் வரப்போவதாகவும் தகவல் வந்தது. அதிபர் கம்பியரைக் கூப்பிட்டார். நானும் பக்கத்தில் நின்றேன்.

“ஆளில்லாத விடுதி எண்டு கண்டா இன்ஸ்பெக்டர் பூட்டச் சொல்லிப்போடுவார். வேலணைப் பெடியன் பஸ்ஸிலை வருவான். கடலுக்கு அங்காலை இருக்கிற நெடுந்தீவுப் பெடியன் எங்கை போவான்? அவன்ரை படிப்பு அதோடை சரி. அவர் வாறதுக்குள்ளை பெடியள் திரும்பி வந்து சாப்பிடவேணும். இல்லாட்டி உம்மட அட்டைக் கட்டைக் குசினி அடுப்புக்கை வைச்சுப்போடுவன்.”

கம்பியர் முகம் வாடி வெளியே போனார். அட்டைக்காகத்தான் அந்த வாட்டம் என்று அப்போது நினைத்தேன். எனக்கு உள்ளூரச் சந்தோசம்.

மறுநாள் காலை துறைமுகத்தில் மீன் இறங்கும் இடத்தில் ஒரே சிரிப்பு. எட்டிப் பார்த்தேன். நடுவிலே திருநீறும் வெள்ளைச் சட்டையுமாகக் கம்பியர், மூக்கில் கைலேஞ்சியை அமர்த்திப் பிடித்தபடி.

“ஐயா, வழி மாறி வந்திட்டியளோ?” என்றார் மீன்காரர்.

“மீன் வேணும்.”

“என்ன மீன்? ஒட்டியோ, ஒராவோ, விளையோ?”

“பெடியள் தின்னுற மீன்.”

பனையோலை உமலில் மீனை நிரப்பிக் கொடுத்தார்கள். கம்பியர் அதைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து தன் தெய்வத்தை, அந்தச் சில்லுக் கம்பியை எடுத்தார். கொளுக்கியாக வளைத்தார். உமலை அதில் மாட்டிச் சைக்கிள் ஹாண்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பியபடி மிதித்தார். எதிரே வந்த பஸ் இவரைக் கண்டு ஒதுங்கியது.

குசினி வாசலில் உமலை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் உடுப்போடு முழுகினார். சமையல்காரர் தலையைச் சொறிந்தார். “ஐயா, இதை என்னெண்டு கணக்கிலை போடுறது?”

“கத்தரிக்காய் எண்டு போடும். அந்தக் காசிலைதான் வாங்கினனான்.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் இதே கூத்து. அட்டைக் கட்டுக்குப் புதுக் கம்பி வேண்டும். தன் சைக்கிள் சில்லிலேயே இன்னொன்றைக் கழற்றினார். மீன் மணம் காற்றில் போயிருக்கவேண்டும். பெடியள் பெட்டிகளோடு வந்து இறங்கினார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்த மத்தியானம் விடுதி நிறைந்திருந்தது. கம்பியர் அட்டைக் கட்டைக் கம்பியால் தூக்கிக் காட்டினார், அவ்வளவும் விழுந்தது. “முழுக்கச் சைவம் சேர்.” இன்ஸ்பெக்டர் மூக்கை உறிஞ்சினார்.

“அப்ப உதென்ன மணம்?”

“அட்டையின்படி கத்தரிக்காய், சேர்.”

அதிபர் கண்ணை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, குழம்பை ஊற்றிப் பிசைந்து, ஒரு முள்ளை எடுத்துக் கோப்பையின் ஓரத்தில் வைத்தார். “நல்ல கத்தரிக்காய். இன்னும் ஒரு துண்டு போடும்.”

விடுதி தப்பியது.

அன்று பின்னேரம் அவரை மடக்கினேன். “அண்ணை, பிழையெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா இவ்வளவு பாடு வந்திருக்குமோ?”

“சிஸ்டத்திலை பிழை இல்லை” என்றார். கொஞ்சத் தூரம் சைக்கிளை உருட்டிப் போனவர் திரும்பி நின்றார். “நெடுந்தீவுப் பெடியள் வடிவாச் சாப்பிட்டவங்களோ?”

ஓம் என்றேன். கம்பிகள் குறைந்து போன சில்லு ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் அவர்மேல் எனக்கிருந்த எரிச்சல் போனது.

அண்மையில் தங்கையின் மகளைப் படிக்கச் சேர்க்கும் விசயமாகக் கொழும்பில் ஒரு பல்கலைக்கழகக் கந்தோருக்குப் போனேன். இப்போது அங்கே மேசைக்கு மேசை கொம்பியூட்டர் இருக்கிறது. “இந்தப் பிள்ளையின்ரை பேர் கொம்பியூட்டரிலை இல்லை” என்றார் உள்ளே இருந்தவர். பிள்ளை எனக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாள். அவர் தலை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அந்த இடத்தில் எனக்குக் கம்பியரைக் காணவேண்டும் போலிருந்தது. அவரும் ‘இல்லை’ என்றுதான் சொல்லியிருப்பார், என்னோடு சண்டையும் பிடித்திருப்பார். ஆனால் மறுநாள் காலையில் சைக்கிளை எடுத்திருப்பார்.