எக்ஸை அழுத்தியும் நிற்காத தம்பூரா

கம்ப்யூட்டரைப் பிழைப்பாகக் கொண்டவனைக் கச்சேரி மேடைப் பக்கம் விடக்கூடாது. விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மயிலாப்பூரில் ஒரு ஹால் நிறைய சாட்சிகள் இருக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் திரை எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் குழுவில் எனக்கு வேலை. அங்கே எனக்கொரு கொள்கை இருந்தது. ஜன்னலின் மூலையிலுள்ள எக்ஸ் குறியை அழுத்தினால் ஜன்னல்தான் மறைய வேண்டும். செயலி பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். "ஓடுதுன்னு ஒரு சின்ன அடையாளமாவது காட்டலாமே" என்றவர்களை, "திரை சுத்தமா இருக்கணும்யா" என்று வாயடைத்தேன். (அப்போது எனக்கிருந்த திமிரை ஏற்றத் தனி லாரி வேண்டும்.)

என் மனைவி வைதேகிக்கு அன்று முதல் கச்சேரி. நன்றாகப் பாடினால் டிசம்பர் சீசனில் வாய்ப்பு தருவதாகச் சொன்ன சபா செயலாளர், முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசி நேரத்தில் சுருதிப்பெட்டி மக்கர் செய்தது. "என் ஆபீஸ் லேப்டாப்ல தம்பூரா இருக்கே!" என்று நான் மேடைக்குத் தாவினேன்.

சுருதியை ஐந்து கட்டையில் வைத்தேன். "அஞ்சரை, அஞ்சரை!" என்று வைதேகி பல்லைக் கடித்தாள். பதற்றத்தில் எக்ஸை அழுத்தி, மறுபடி திறந்து, ஐந்தரையில் வைத்தேன். பழைய தம்பூராவும் நிற்கவில்லை. இரண்டும் சேர்ந்து கத்தின.

வயலின்காரர் தந்தியை முறுக்கினார், தளர்த்தினார், மறுபடி முறுக்கினார். மிருதங்கக்காரர் கல்லை எடுத்துத் தட்டோ தட்டென்று தட்டினார். "சுருதியே சேரலையே, ராமா!" என்றார் பின்வரிசை மாமா ஒருவர்.

வைதேகி மைக்கைக் கையால் பொத்தினாள். "வெங்கட், எதை அழுத்தித் தொலைச்சே?"

"மூடிட்டேன் வைதேகி, சத்தியமா!"

இரண்டாவது ஜன்னலையும் மூடினேன். இரண்டும் பாடின. எங்கே போய் நிறுத்துவது? திரையில் ஒன்றுமே இல்லை. அவ்வளவு சுத்தம்! லேப்டாப்பையே மடக்கினேன். அப்போதும் பாடியது. (அதுவும் என் யோசனைதான்.)

ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கி, லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். வாசலில் ஒரு ஆட்டோக்காரர்.

"இன்னா சார், பொட்டி உள்ள யாரோ பாடிக்கினு கீறாங்க?"

"தம்பூராங்க."

"நிறுத்து சார், காது வலிக்குது."

"அதுதாங்க தெரியல!"

பாவம், அவர் ஆட்டோவிலேயே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். உள்ளே வயலின்காரர் ஒரு தந்தியை இழுத்துச் சுருதி பிடிக்க, வைதேகி பாடி முடித்துவிட்டாள். கைதட்டல் தெருவரை கேட்டது. நான் சந்தோஷத்தில் அழுதேவிட்டேன், லேப்டாப் பாடிக்கொண்டிருந்தது.

செயலாளர் சீசனில் வாய்ப்பு கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனை: "உங்காத்துக்காரர் மேடைப் பக்கம் வரப்படாது."

மறுநாள் ஆபீசில், பின்னணியில் எது ஓடினாலும் திரையில் தலைகாட்ட வேண்டும், பக்கத்திலேயே நிறுத்தும் பொத்தான் வேண்டும் என்று நானே மேஜையைத் தட்டினேன். எல்லோரும் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். "பயனர் ஒருத்தங்க ரொம்பத் திட்டிட்டாங்க" என்றேன்.

வீட்டில்தான் இன்னும் விமோசனமில்லை. சண்டை போட்டுவிட்டு அறைக்குள் போய் நான் கதவைச் சாத்திக்கொண்டு முணுமுணுத்தால் போதும், வைதேகி கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு என் அம்மாவிடம் சொல்வாள்: "உங்க பிள்ளை ஜன்னலைத்தாம்மா மூடியிருக்கான். உள்ள இன்னும் ஓடிண்டிருக்கு."