ஜெர்மனிக்குப் போன குங்குமம்

குங்குமம் ஃபேக்ஸில் கறுப்பாகிவிடும் என்று வேலாயுதத்துக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

மைசூரில் மல்லப்பனின் ஊதுபத்திக் கம்பெனியில் ஆபீஸைப் பார்த்துக்கொள்பவர் அவர். ஜெர்மனியிலிருந்து முதல் முதலாக ஓர் ஆர்டர் வந்திருந்தது. சம்மதக் கடிதத்தை இன்று சாயங்காலத்துக்குள் ஃபேக்ஸில் அனுப்ப வேண்டும். தவறினால் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடும். மெயில் செல்லாதாம், ஃபேக்ஸ்தான் வேண்டுமாம். இங்கே இருந்த பழைய ஃபேக்ஸ் மெஷினோ எலி கடித்து எப்போதோ உயிரை விட்டிருந்தது.

வெளியாள் யாரையாவது பிடிக்கலாமா என்று மல்லப்பன் நேற்று இழுத்தபோது வேலாயுதம் நெஞ்சை நிமிர்த்தினார்.

"எதுக்குங்க மொதலாளி? இப்பெல்லாம் ஆன்லைன்லயே ஃபேக்ஸ் போகுதுங்க, வருதுங்க. மெஷினே வேண்டாம். நம்ம கையில விடுங்க."

ஆர்டர் நிலைத்தால் எக்ஸ்போர்ட் இன்சார்ஜ் நீதான் என்று மல்லப்பன் வாக்குக் கொடுத்துவிட்டார். அரை மணி நேரத்தில் செய்தி சொந்த ஊரான மார்டள்ளியில் இருக்கும் மச்சான் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. இனிமேல் பின்வாங்க முடியாது. பின்வாங்கினால் அடுத்த திருவிழாவுக்கு ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

இன்று காலை வீட்டிலும் அதே பெருமைதான். மகள் ஜீவிதா மைசூரிலேயே ஹெப்பாளில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு வருகிற காகிதங்களைக் கம்ப்யூட்டரில் சரிபார்க்கிற வேலையாம். அதற்கு மேல் ஆபீஸ் விஷயத்தை வீட்டில் பேசக்கூடாதாம்.

"பேங்க் வேலைன்னா நாலு பேருகிட்ட சொல்லிக்கலாம். நீ காகிதம் பாரு சாமி. அப்பன் நேரா ஜெர்மனியோட பேசப் போறேன்" என்றார். அவள் சிரித்துக்கொண்டே ஸ்கூட்டியைக் கிளப்பினாள். வேலாயுதம் தான் சர்க்கரை நோய்க்காரர் என்பதையே மறந்து, அவள் கண்ணெதிரே டிபனைத் தொடாமல் கிளம்பினார்.

புது காரியத்தை மொட்டையாகத் தொடங்கலாமா? கல்யாணப் பத்திரிகைக்கே நாலு மூலையிலும் மஞ்சள் தடவுகிறோம். வேலாயுதம் பழத்தட்டு வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, கடிதத்தின் நாலு மூலைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். கையெழுத்தின் பக்கத்தில் கொஞ்சம் தாராளமாகவே வைத்தார். அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்து, ஏற்றி, ஜெர்மனி நம்பரைப் போட்டு அனுப்பினார்.

பதில் ஃபேக்ஸ் சுருக்கென்று வந்தது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஏதோ இருக்கிறது, மறுபடி அனுப்பவும்.

அவருக்குக் கோபம் வரவில்லை, பூரித்துப்போனார். எங்கே மைசூர், எங்கே ஜெர்மனி! பதிலைப் பிரின்ட் எடுத்து, பேக்கிங் செய்கிற பெண்களுக்கெல்லாம் காட்டிவிட்டு வந்தார்.

பிறகு குங்குமம் வைக்காத புதுக் காகிதத்தை ஸ்கேன் செய்து அனுப்பினார். ஆனால் முதல் காகிதத்தின் ஈரக் குங்குமம் ஸ்கேனர் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. எத்தனை பெட்டி என்கிற எண்ணே தெரியவில்லை என்று பதில் வந்தது. கண்ணாடியைத் துடைத்தார். கைக்கு அகப்பட்டது விளக்கு துடைக்கிற எண்ணெய்த் துணி. அடுத்த ஃபேக்ஸ் முழுசும் அமாவாசை. அதுவும் திரும்பி வந்தது.

மல்லப்பன் வந்து எட்டிப் பார்த்து, கன்னடமும் தமிழுமாகக் கேட்டார். "ஏன்ரீ வேலாயுதம், ஆச்சா?"

"பேச்சுவார்த்தை நடந்துட்டு இருக்குதுங்க" என்றார் வேலாயுதம். முகத்தில் பெருமை இருந்தது, ஆனால் எக்ஸ்போர்ட் இன்சார்ஜ் நாற்காலி ஒவ்வோர் ஃபேக்ஸுக்கும் ஓரடி தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

ஸ்கேனரே வேண்டாம் என்று கடிதத்தைப் பூஜை மேசையில் வைத்து போனில் படம் எடுத்து அனுப்பினார். அதற்கு வந்த பதிலைப் படித்தபோது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். படத்தில் ஒரு கட்டைவிரலும் பாதி வாழைப்பழமும் தெரிகின்றன, கடிதத்தைக் காணவில்லை. ஆன்லைன் ஃபேக்ஸுக்குக் காகிதமே தேவையில்லை. கம்ப்யூட்டரில் இருக்கும் கடிதத்தை அப்படியே ஏற்றவும், கீழே பெயரை டைப் அடித்தால் போதும். அதற்கும் கீழே ஒரு வரி: நேரம் இருக்கிறது, முதலில் சாப்பிட்டுவிட்டு அனுப்பவும்.

வேலாயுதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மல்லப்பனிடம் ஓடினார்.

"பாருங்க மொதலாளி. முகம் தெரியாத மனுசன். வேலையில கறார், ஆனா பசி அறிஞ்சு பேசறான். அதனாலதான் அந்த நாடு அப்படி இருக்குது."

மல்லப்பனும் படித்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். பழத்தட்டில் இருந்த இரண்டு வாழைப்பழத்தை விழுங்கிவிட்டு, வேலாயுதம் கடிதத்தை அப்படியே ஏற்றி அனுப்பினார். இருந்த இடத்தை விட்டு அசையாமல் காத்திருந்தார். நாலு மணிக்கு வந்தது பதில்: தெளிவாக உள்ளது, ஆர்டர் உறுதி.

பேக்கிங் பெண்கள் கைதட்டினார்கள். மல்லப்பன் மைசூர்பாகு வாங்கி வரச் சொன்னார். அன்று சாயங்காலம் வேலாயுதம் வீட்டுக்கு நடந்து வரவில்லை, ஊர்வலம் வந்தார். யானை ஒன்றுதான் பாக்கி.

மனைவி சுலோசனா காபியை நீட்டினாள். பெருமை பொங்க எல்லாவற்றையும் கொட்டினார். வேலை முடிந்து வந்த ஜீவிதா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"வா சாமி, வந்து கேளு. வேலைன்னா அந்த ஜெர்மனிக்காரன்கிட்ட கத்துக்கணும். ஓர் எழுத்து கலங்கினாலும் திருப்பி அனுப்பிட்டான். அனுப்பறது யாரு, எவருன்னு தாட்சண்யமே பார்க்கல. அப்படி ஒரு புள்ளையைப் பெத்த அப்பன் யாரோ, நேர்ல பார்த்தா மாலை போட்டு ஊர் முழுக்கச் சொல்லுவேன்."

ஜீவிதா கைப்பையை மாட்டிவிட்டு, அவர் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள்.

"சாப்பிட்டுட்டு அனுப்புங்கன்னு எழுதினேனேப்பா, நெசமா சாப்பிட்டீங்களா, இல்ல அந்த வாழைப்பழத்தோட நிறுத்திட்டீங்களா?"