ஒன்பதாவது குஞ்சு

சிரிக்கலாம். ஆனால் இப்போது இல்லை. இருபத்தொரு நாள் பொறுக்க வேண்டும். முட்டை பொரிய அவ்வளவு நாளாகும். எங்கள் ராயபுரத்தில் அதை யாராலும் அவசரப்படுத்த முடியாது, பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டரான என் அப்பா சிவராஜாலும்கூட.

அப்பா போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டார். பொரிந்ததும் குஞ்சு முதலில் யாரைப் பார்க்கிறதோ, அவர் பின்னாலேயே அலையுமாம். உடனே அம்மாவிடம் பந்தயம் கட்டினார்.

"ஏம்புள்ள அன்பு, எட்டுக் குஞ்சும் எம்பின்னாடி வந்துச்சுன்னா, ஞாயித்துக்கெழமையானா அவிநாசிபாளையத்துல உங்கம்மா ஊட்டுக்குப் போறத நிறுத்திப்போடோணும்."

"வராட்டிங்க?"

"வாரா வாரம் போலாம். மூஞ்சியச் சுளிக்காம!"

"சரிங்க."

அம்மா இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னால் நான் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வேன்.

தெர்மாகோல் பெட்டி, குண்டு பல்பு, மெத்தைக்குப் பனியன் வேஸ்ட், எட்டு முட்டை. அப்பா சிப்ட்டுக்குப் போனதும் முட்டைகளைத் திருப்பி வைப்பது என் வேலை. பிளஸ் ஒன் பரீட்சை முடிந்து சும்மா இருந்தேன். கம்பெனிச் சங்கு முதல் எங்கள் ஹெட்மாஸ்டர் இருமல் வரை எந்தக் குரலும் எனக்கு வரும். அதனால் அம்மா என் காதோடு இன்னொரு வேலையும் சொன்னாள். அதை இப்போதே சொன்னால் சிரித்துவிடுவீர்கள்.

இருபத்தொன்றாம் நாள் அப்பா லீவு போட்டார். "பெட்டிகிட்ட ஒருத்தரும் வரப்படாது!" எட்டும் பொரிந்தன. எட்டும் அப்பா மூஞ்சியில்தான் முழித்தன, பாவம்.

மறுநாள் ஞாயிறு. அம்மா வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் அப்பா ஊர்வலம் போனார். நடந்தால் எட்டும் நடந்தன. நின்றால் எட்டும் நின்றன.

"பாத்தியா புள்ள? பொறந்ததும் பாத்த மொகம்! சாகற வரைக்கும் மாறாது!"

அப்போது சமையற்கட்டிலிருந்து அம்மாவின் குரல்: "ஏனுங்க! இங்க வாங்க!"

எட்டும் திரும்பின. ஓடின. எட்டையும் முந்திக்கொண்டு அப்பா ஓடினார். "இதா வந்துட்டேன்!"

சமையற்கட்டில் அம்மா இல்லை. நான்தான் நின்றிருந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். திரும்பி, வாசலில் டீயோடு உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். என் காலைச் சுற்றிக் கத்தும் குஞ்சுகளைப் பார்த்தார்.

"அடிப்பாவி! முட்டைக்குள்ள இருக்கறப்பவே கூப்பிட்டுப் பழக்கிட்டயா?"

"தெனம் மூணு வேளைங்கப்பா. அம்மா கொரல்ல."

"செரி, குஞ்சு ஓடியாந்துச்சு. நான் எதுக்கு..." பாதியில் நின்றார்.

"குஞ்சுக்கு இருபத்தொரு நாளுங்க," என்றாள் அம்மா, டம்ளரைக் கீழே வைத்து. "கல்யாணமான புதுசுல உங்களுக்கு ஒரு வாரந்தான் ஆச்சு. சட்டையப் போடுங்க, பஸ் வந்துரும்."