துண்டு டாக்டரும் ஏழுமலையின் சிறுநீரகமும்

திருவண்ணாமலை ஜனங்களில் பாதிப் பேரை உட்புறமாகப் பார்த்துவிட்டு, வெளிப்புறமாக ஒருவரையும் பார்க்காமல் காலம் தள்ளிய ஒரே மனிதர் எங்கள் துண்டு டாக்டர்தான். தோளில் துண்டு போடுகிறவர் அல்ல. ஆபரேஷனில் வெட்டியெடுத்த சதைத் துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இன்ன நோய் என்று சொல்கிறவர். சில வருஷங்களுக்கு முன் வேங்கிக்கால் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில், அவர் சொல்லச் சொல்ல நான் ரிப்போர்ட் டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

ஆளை முகத்தால் தெரிந்துகொள்ளும் வழக்கம் அவருக்குக் கிடையாது. ஒரு பௌர்ணமியன்று, கிரிவலக் கூட்டம் நிறைந்த டீக்கடையில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரை அறிமுகப்படுத்தினேன். பெயரைக் கேட்டதும் டாக்டர் முகம் மலர்ந்தது.

"ஓ, நீங்களா! உங்க பித்தப்பை ரொம்ப அழகுங்க. அந்த மாதிரி ஒண்ணை நான் பார்த்ததே இல்ல."

கடையே திரும்பிப் பார்த்தது. பெரியவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

"ஏம்பா, நல்லதுதானே சொன்னேன்?" என்றார் டாக்டர்.

நோயாளிகள் என்றால் பயம். யாராவது லேப் வாசலில் நின்றால் பின்பக்கப் படி வழியாக இறங்கி, ஆஸ்பத்திரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வருவார். அதை அவருடைய கிரிவலம் என்போம்.

இவரிடம்தான் ஏழுமலையின் சிறுநீரகம் வந்து சேர்ந்தது. ஏழுமலை கீழ்பென்னாத்தூரில் வேன் ஓட்டுகிறவர். நாற்பது வயதுகூட இல்லை. இடது சிறுநீரகத்தில் எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு கட்டி. சர்ஜன் சிறுநீரகத்தையே எடுத்துவிட்டு, "அநேகமா கேன்சர்தான்" என்று அவர் மனைவி சாந்தியிடம் சொல்லிவிட்டார். டாக்டர் அதை எழுதிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

டாக்டர் கட்டியை நறுக்கினார். உள்ளே நல்ல பழுப்பு நிறம், நடுவில் ஒரு தழும்பு. மைக்ராஸ்கோப்பில் வைத்த கண்ணை எடுக்கவில்லை. மறுநாளும் அதே துண்டு. அதற்கு மறுநாளும் அதே. சர்ஜன் போனில் கத்தினார்.

"என்ன சார், ஒரு கிட்னிக்கு இவ்ளோ நாளா?"

"ரெண்டு வகைக் கட்டி இருக்கு சார், அண்ணன் தம்பி மாதிரி ஒரே ஜாடை. ஒருத்தன் ரவுடி, அது கேன்சர். இன்னொருத்தன் சாது, ஒண்ணும் பண்ண மாட்டான். ஆனா அபூர்வமாதான் வருவான். அவசரத்துல சாதுவைப் புடிச்சு உள்ள போட்டுட்டா?"

ஒரு சாயம் உண்டு. ரவுடி மேல் பட்டால் நீலமாகிக் காட்டிக்கொடுத்துவிடும். அதைச் சென்னையிலிருந்து வரவழைத்தார். அது வருவதற்குள் சாந்தியே லேபுக்கு வந்துவிட்டார். டாக்டர் படியை நோக்கி ஓடினார். அன்று பார்த்துப் பின்கதவைப் பூட்டியிருந்தார்கள்.

"எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க சார். அவருக்குச் சோறே எறங்கல. வேன் சாவியத் தம்பிகிட்ட குடுத்துட்டு, புள்ளைங்களப் பாத்துக்கடான்றாரு."

டாக்டர் தரையைப் பார்த்துப் பேசினார். "இன்னும் தெரியலம்மா. தெரியாம சொல்ல மாட்டேன்."

சாந்தி போனபின் அவர் தன் சாப்பாட்டுப் பையைத் திறக்கவில்லை.

சாயம் வந்தது. போட்டார். நீலமில்லை. சந்தேகப்பட்டு இன்னொரு துண்டில் போட்டார். இல்லை. கட்டியின் எல்லா மூலையிலிருந்தும் துண்டெடுத்துப் போட்டும் நீலம் தலைகாட்டவில்லை.

"சாதுதாம்பா. வண்டிய எடு," என்றார்.

"போன் பண்ணிடலாமே சார்?"

"போன்ல சொன்னா நம்புவாங்களா?"

கீழ்பென்னாத்தூரில் ஏழுமலை வாசலில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் பைக்கிலிருந்து இறங்காமலே கேட்டார்.

"இடது கிட்னியா?"

"ஆமாங்க."

"அது கேன்சர் இல்ல. எடுத்தாச்சு, அதோட முடிஞ்சுது. புண்ணு ஆறினதும் வேன ஓட்டுங்க."

சாந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார். டாக்டர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "தப்பா புரிஞ்சுக்கிட்டாங்களா? இல்லன்னுதானே சொன்னேன்?"

ஏழுமலை மெல்ல எழுந்து உள்ளே போய், தட்டு நிறைய அவித்த மல்லாட்டை கொண்டுவந்தார். டாக்டரை இறக்கி உட்காரவைத்து, தட்டை அவர் மடியில் வைத்தார். டாக்டர் ஒரு கடலை விடாமல் உரித்துத் தின்றார்.

திரும்பும்போது கொஞ்ச தூரம் வந்ததும் முதுகில் பாரம் கூடியது. மனிதர் என் மேல் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தார். ஒரு கையைப் பின்னால் விட்டு அவரைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் வந்த பஸ் விடாமல் ஹார்ன் அடித்தது. அடிக்கட்டும் என்று மெதுவாகவே ஓட்டினேன்.